மலையடி ஊர்கள் – 9: தண்ணீர் வந்த வழியே

இமயத்துச் சாரலிலுள்ள பழைய கிராமங்களின் ஊடே இரண்டு மூன்று நாள் நடந்து வருவதற்கென்றே ரயிலேறி ஹரித்துவாரத்துக்கும் காத்கோதாமுக்கும் போகிறவர்கள் நம்மவரில் இப்பொழுது அநேகர் இருக்கிறார்கள். பனிச் சிகரங்களை எட்டிப் பிடிக்கும் வீரர்கள் அவர்களில் மிகச் சிலரே. மற்றவர்கள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், முழங்கால் வலி உடையவர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துச் செல்பவர்கள். போய் வந்த பின் அவர்கள் பேசுவதைக் கூர்ந்து கேட்டால், சிகரத்தைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, கிராமங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள் என்பது தெரியும். பலகைக் கல் வேய்ந்த கூரைகளும், சித்திர வேலை செய்த மரக் கதவுநிலைகளும், படிப்படியாக இறங்கும் வயல்களும், ஒரு வீட்டுக் களத்தை மிதித்துத்தான் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று அமைந்த பாதையும், அந்தக் களத்தில் தானியம் புடைத்துக்கொண்டே வழிப்போக்கரை நலம் விசாரித்த மூதாட்டியும் அவர்கள் நெஞ்சில் தங்கிவிடுகிற அளவுக்கு, தூரத்தில் வெள்ளையாய் நின்ற மலை தங்குவதில்லை.

பத்ரிநாத், கேதாரநாத் யாத்திரைக்கு மோட்டார்ச் சாலை ஏற்படுவதற்கு முன், ரிஷிகேசத்திலிருந்து ஜனங்கள் நடந்தே சென்ற காலத்தில், சில மைலுக்கு ஒன்றாகச் ‘சட்டி’ என்னும் தங்கிடங்கள் வழி நெடுக இருந்தன. நீண்ட கொட்டகை ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு கடை. அரிசியும் பருப்பும் அந்தக் கடையில் வாங்கிக்கொண்டால் சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் காசில்லாமல் கிடைக்கும். யாத்திரிகர்கள் ஊரை அறிந்தார்கள். ஊர் யாத்திரிகர்களால் வாழ்ந்தது. சாலை போட்ட பிறகு பஸ் நிற்கும் ஊர்கள் பெருத்தன. பஸ் நில்லாத இடங்களில் இருந்த சட்டிகள் புல் மண்டிக் கூரையிழந்தன. நடைபாதை அழிந்தால் பாதை மட்டும் அழிவதில்லை, அதன் இருமருங்கிலும் இருந்த உறவுகளும் சேர்ந்தே அழிகின்றன என்பதற்கு அந்தச் சட்டிகளைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சென்ற வாரம் சொக்கம்பட்டிக்கு மேற்கே கருப்பாநதி அணைக்கரையில் நம் நடையை நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் தெற்கே வந்து, தென்காசியில் தொடங்கி, மேலகரம், குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி என்னும் ஊர்களைத் தொட்டு, திருமலைக் குமாரசுவாமி கோயில் படியில் முடிகின்ற வழியைச் சொல்லப் போகிறேன். ஒரு பகல் முழுவதும் மறுநாள் உச்சிப்பொழுது வரையிலும் இருந்தால் போதும். கடைசியில் வரும் குன்றைத் தவிர ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் இல்லை. ஆகவே, இமயத்துக்குப் போக வசதியும் விடுமுறையும் வாய்க்காதவர்களுக்கு இது ஓர் ஆறுதல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; இந்த வழிக்கு இதற்கே உரிய ஒரு தத்துவம் உண்டு. இந்தப் பிரதேசத்தில் மலை தன் இடத்தில் நின்றுவிடுவதில்லை. அது தண்ணீராக இறங்கி, வாய்க்காலாகப் பிரிந்து, குளமாகத் தேங்கி, வயலாகப் பச்சைகொண்டு, ஒவ்வோர் ஊரின் நடுத்தெரு வரைக்கும் வந்துவிடுகிறது. அது வந்த வழியைப் பிடித்து எதிர்நடையாக நடந்து போகிறவர் மலையின் மடியை அடைவதற்குள் மலையைப் பெரும்பாலும் அறிந்துகொண்டுவிடுவார் என்பது என் அபிப்பிராயம்.

இமயத்தையும் இந்த மலையையும் சேர்த்துப் பேசுவது நம் முன்னோர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். சிவபெருமானின் திருமணத்துக்காக உலகம் முழுவதும் வடக்கே திரண்டபோது வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்ததாகவும், அதைச் சமன்செய்ய அகத்தியரை இறைவன் தெற்கே அனுப்பியதாகவும், அவர் பொதியத்தில் வந்து அமர்ந்ததாகவும் புராணம் சொல்லுகிறது. குற்றாலத்தின் ஸ்தலபுராணமோ, அவ்வாறு வந்த முனிவர் அங்கிருந்த திருமால் திருமேனியின் சிரசில் கை வைத்து அழுத்தச் சிவலிங்கமாயிற்று என்றும், அந்த அழுத்தத்தால் சுவாமிக்குத் தலைவலி உண்டாயிற்று என்றும் கூறுகிறது. அதனாலேயே பல மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் இன்றும் சுவாமிக்குச் சாத்தப்படுகிறது. கதையின் சமயப் பொருளைப் பற்றி இங்கே வாதிக்க வேண்டியதில்லை. வடக்கே உள்ள பெருமலைக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கத்தக்கது தெற்கே உள்ள இந்த மலைதான் என்று எண்ணிய ஒரு சமுதாயம், அந்த எண்ணத்தை ஒருவர் நெடுந்தூரம் நடந்து வந்த கதையாகச் சொல்லி வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

தென்காசி என்னும் பெயரே வடக்கை நோக்கி நிற்பது. காசிக்குப் போக இயலாதவர்களுக்காகச் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தவர் பராக்கிரம பாண்டியர். பணி தொடங்கியது 1446ஆம் ஆண்டு. மதுரையை இழந்து தென்கோடியில் ஒதுங்கிய பாண்டிய மரபு தன் அந்திமக் காலத்தில் செய்த பெரும்பணி இது. இந்தக் கோயிலுக்கு எக்காலத்திலாவது பழுது நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பாற்றுகிறவர் யாராயினும் அவர் பாதத்தில் தாம் விழுந்து வணங்குவதாக அவர் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். ஓர் அரசர், இன்னும் பிறவாதவனுடைய காலில், அவன் இன்ன குலத்தவன் என்றும் இன்ன ஊரினன் என்றும் கேளாமல் விழுவதாகச் சொல்லும் அந்தச் செய்யுளை, நடையைத் தொடங்குமுன் சந்நிதியில் நின்று ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். பழுது நேரத்தான் செய்தது. ராஜகோபுரம் இடியாலும் தீயாலும் சிதைந்து, நெடுங்காலம் மேல்நிலைகள் அற்று நின்றது. 1990ஆம் ஆண்டில்தான் ஒன்பது நிலைகளோடும் சுமார் 180 அடி உயரத்தோடும் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. ஆனி ஆடி மாதங்களில் அந்தக் கோபுர வாசலைக் கடக்கும்போது எதிரிலிருந்து ஒரு காற்று வந்து மேல்துண்டைப் பறிக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அது. நாம் எந்தத் திசையில் நடக்கப் போகிறோமோ அந்தத் திசையின் வாடையை முகத்தில் கொண்டுவந்து வீசும்.

சிற்றாறு குற்றாலத்து மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடிச் சீவலப்பேரிக்கருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஐந்தருவியின் தண்ணீரும், அரிகர நதியும், அனுமன் நதியும், கருப்பாநதியும் வழியில் அதனோடு சேருகின்றன. பெயருக்குச் சிறிய ஆறுதான். ஆனால் அதன் குறுக்கே அணைக்கட்டுக்கு மேல் அணைக்கட்டாகக் கட்டி, அணைக்கட்டுதோறும் ஒரு வாய்க்காலைப் பிரித்து, வாய்க்காலின் வழியில் குளத்துக்குப் பின் குளமாகக் கோத்து, கடைசிக் குளத்தின் மறுகால் நீர் மறுபடியும் ஆற்றிலேயே வந்து விழும்படி நம் மூதாதையர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பல வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே ஆற்றில் தண்ணீர் வருவதற்குக் காரணம், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து வழிவிடுவதுதான். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, பல இடங்களில் மலைச்சுவரில் மோதித் தன் பாரத்தையெல்லாம் அப்புறமே இறக்கிவிட, இந்தத் தாழ்வான வாயிலில் மேகங்கள் உள்ளே நுழைந்து சாரலாகச் சிந்துகின்றன. அந்தச் சாரலை நம்பித்தான் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். வழியில் பார்க்கிற வயலில் நாற்று நிற்கிறதா, கதிர் தலைசாய்ந்திருக்கிறதா என்பதைக் கொண்டே மலையின் மறுபக்கத்தில் மழை எப்படி என்று இவ்வூர்க் குடியானவர்கள் சொல்லிவிடுவார்கள்.

யானைப்பாலத்துப் படித்துறையில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு மேற்கே திரும்பினால், சாலையை விட்டு விலகி வாய்க்கால் கரைகளைப் பிடித்துக்கொள்வது நலம். சாலையில் போனால் தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பஸ்ஸில் கால் மணி நேரம். ஆனால் இருபுறமும் கட்டடங்களைத் தவிர ஒன்றும் தென்படாது. கரை வழியே போனால் தூரம் சிறிது கூடும். தென்னை நிழலும், மதகடியில் துணி துவைக்கிறவர்களின் பேச்சொலியும், வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் கூடவே வரும். நாலு அடி அகலமுள்ள அந்தக் கரைதான் வயலுக்குப் போகிறவர்களின் சாலை. எருமைக்கும் அதுதான் சாலை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டு, “எங்க போறீய அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். பதில் தெரிய வேண்டும் என்பதற்காக அன்று. கேட்காமல் போனால் மரியாதையில்லை என்பதற்காக. நின்று பதில் சொல்ல வேண்டும். நடைப்பயணத்தில் நான் மிகுதியாகப் போற்றும் ஒழுக்கம் இதுதான்.

மேலகரம் இப்பொழுது தென்காசியோடு ஏறக்குறைய ஒட்டிவிட்டது. ஆயினும் உள்தெருக்களில் திண்ணை வைத்த வீடுகளும், ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் வாழும் வளவுகளும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அந்த நிலமே குறவஞ்சி மேடு என்றும் சொல்லி வருகிறார்கள். அந்த நாடகத்தின் அச்சாணி ஒரு நடைதான் என்பதை இந்தத் தெருக்களில் நடக்கும்போது உணரலாம். மலையிலிருக்கும் குறத்தி கூடையை இடுக்கிக்கொண்டு ஊர்த்தெருவுக்கு இறங்கி வருகிறாள். ஊரிலுள்ள பெண்ணிடம் தன் மலையின் வளத்தையெல்லாம் சொல்லி, அவள் கையைப் பார்த்துக் குறி கூறுகிறாள். குறத்தியைத் தேடி அவள் கணவன் சிங்கன் தெருத் தெருவாக அலைகிறான். மலைவாசியும் ஊர்வாசியும் ஒருவர் வாசலில் ஒருவர் நின்று பேசிக்கொள்ளும் உறவு நிகழ்கால உண்மையாக இருந்தாலன்றி இப்படி ஒரு நூல் தோன்றியிராது. தேனும் கிழங்கும் கொண்டு இறங்கி, உப்பும் துணியும் வாங்கி ஏறிய அந்தப் போக்குவரத்து இப்பொழுது பெரிதும் நின்றுபோயிற்று. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலையடியில் பளியர் குடிகள் இருக்கின்றன என்றாலும், அவர்கள் நம் வாசலுக்கு வருவது அருகிவிட்டது. நாம் அவர்கள் வாசலுக்குப் போவதும் இல்லை.

மேலகரத்தைத் தாண்டியதும் மலை மிகவும் நெருங்கிவந்து நிற்கும். திரிகூடம் என்று புலவர்கள் பாடிய சிகரங்களில் மேகம் சுற்றியிருக்க, நடுவில் ஒரு வெண்கோடு தெரியும். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேரருவி அது. நேரே தரையில் விழாமல், பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, அங்கே தன் வேகத்தையெல்லாம் செலவிட்டுப் பொங்கியெழுந்து, பிறகு பாறையின் மேல் விரிந்து வழிவதால்தான் மனிதர் தலை அந்தப் பிரவாகத்தைத் தாங்குகிறது. அதன் கீழே நின்று குளிப்பதைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் இல்லை; ஆகவே நான் அதை விட்டுவிடுகிறேன். குளித்த பின் ஈரத்துணியோடு திரும்பிவிடாமல் அருகேயுள்ள கோயிலுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லுகிறேன். சங்கின் வடிவில் அமைந்த திருக்கோயில். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் எழுந்தருளியிருக்கிறார்கள். ஸ்தல விருட்சமாகிய குறும்பலாவுக்கென்றே ஞானசம்பந்தர் தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அருவிக்கு வரும் ஆயிரம் பேரில் சித்திரசபை வரை நடப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில், சிதம்பரத்தில் பொன்னும் மதுரையில் வெள்ளியும் நெல்லையில் செம்பும் ஆலங்காட்டில் ரத்தினமும் இருக்க, இங்கே இறைவன் சுவரில் எழுதிய ஓவியமாக ஆடுகிறான். மூலிகை வர்ணங்களால் தீட்டிய அந்தச் சுவர்கள், சாரலின் ஈரமும் காலத்தின் கையும் பட்டும் தம் சிவப்பையும் பச்சையையும் விடாமல் வைத்திருக்கின்றன. அங்கே அரை மணி நேரம் உட்காருவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை.

குற்றாலத்தில் இராத் தங்குவதே சௌகரியம். மாலையில் ஐந்தருவிச் சாலையில் நடந்தால் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நினைவிடம் வரும். 1882இல் பிறந்து 1954இல் மறைந்த அந்தப் பெரியவர் தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தாளிகளாக இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். ஒரு கவியை வாய்விட்டுச் சொல்லி, நிறுத்தி, மறுபடியும் சொல்லி, அதன் உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேட்பவர் தாமாகக் கண்டுகொள்ளும் வரையில் பொறுமையோடு காத்திருப்பது அவருடைய முறை. ஊர்களின் வழியே நடப்பதற்கும் அதே முறைதான் தக்கது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பழக்கடைகளில் அந்தந்தப் பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த மலைச்சரிவு இது.

பேரருவிக்கு மேலே சிற்றருவி. அதற்கும் மேலே இரண்டரைக் கிலோமீட்டர் அளவில் செண்பகாதேவி அருவியும் அம்மன் கோயிலும். இன்னும் மேலே, பாறையில் தேன்கூடுகள் தொங்கும் தேனருவி. முன்பெல்லாம் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு செண்பகாதேவிக்கு ஏறிப்போய் மாலையில் திரும்புவது சாதாரணமாக இருந்தது. இப்பொழுது அந்தக் காட்டுவழியில் பொதுஜனங்கள் போவதை வனத்துறை தடுத்திருக்கிறது. அந்தத் தடையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மேலே மழை பெய்வது கீழே தெரியாது. தெளிந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் சில நிமிஷத்தில் செந்நிறமாகிப் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்துவிடும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு பள்ளிச் சிறுவனைக் கொண்டுபோயிற்று. காட்டுக்கும் ஓய்வு வேண்டும். மலைக்குமேல் போனாலன்றி மலையை அறிய முடியாது என்பதும் உண்மையன்று. ஆகவே நம் வழி இங்கே மேலே ஏறாமல், மலையடியைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு வடக்கே திரும்புகிறது.

காலை இளவெயிலில் குற்றாலத்திலிருந்து இலஞ்சிக்குப் போகும் வழியே இந்த நடை முழுவதிலும் ரமணீயமான பகுதி என்று தயங்காமல் சொல்லுவேன். இடக்கைப் பக்கம் மலை நீல நிறமாக உடன் வருகிறது. வலக்கைப் பக்கம் வயல்கள் தாழ்ந்து தாழ்ந்து கிழக்கே செல்கின்றன. அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய இலஞ்சிக் குமாரர் கோயில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. சாரல் பிடித்துக்கொண்டதால் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் ஒதுங்கி நின்றபோது, உள்ளிருந்து வந்த மூதாட்டியார், “காரு எங்க நிக்குது?” என்று கேட்டார். நடந்தே திருமலைக்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டிலும் ஞாபகமே மிகுதியாக வந்தது. “எங்க காலத்துல நடந்துதான் போவோம். விடிய முன்னே கட்டுச்சோறு கட்டிட்டுக் கிளம்பிப் படியேறிச் சாமி கும்பிட்டு, வெயில் தாழ இறங்கி வருவோம். பிள்ளைகள இடுப்புல வச்சுக்கிட்டுத்தான். இப்பம் யாரு நடக்கா?” என்றார். “வழி மறந்திருக்குமே ஆச்சி?” என்று கேட்டேன். “வழி எங்க போவும்? தண்ணி வாற பக்கமே போனா மலை வந்துரும்” என்று சொல்லிவிட்டு, மோர் எடுத்துவர உள்ளே போனார். சாரல் விட்ட பின்பும் அரை மணி நேரம் அந்தத் திண்ணையில் இருந்தோம். திருமலைக்குப் போகும் வழியில் எந்தெந்த ஊரில் யார் யார் வீட்டில் அந்தக் காலத்தில் இளைப்பாறுவார்கள் என்பதையெல்லாம் அவர் வரிசை தவறாமல் சொன்னார். சட்டிகள் கட்டாமலே சட்டிகளாக இருந்த திண்ணைகள் அவை.

இலஞ்சியை விட்டால் பிரானூர். மர அறுவை ஆலைகளின் ஓசையும் பரோட்டாக் கடைகளின் புகையும் நிறைந்த இந்த இடத்தைப் ‘பார்டர்’ என்றே இன்றும் எல்லாரும் அழைக்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரையில் சென்னை ராஜ்யம் இங்கே முடிந்து, அப்பால் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்ததாக இருந்தது. பிறகு செங்கோட்டை தமிழ்நாட்டோடு இணைந்தது. கொல்லத்திலிருந்து கணவாயைக் குடைந்துகொண்டு ரயில் இவ்வூருக்கு வந்தது 1904இல். மீட்டர் கேஜ் பாதையை 2010இல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018இல் மறுபடியும் ஓட்டினார்கள். நெடுஞ்சாலையின் இரைச்சலால் இந்தத் துண்டு வழி நடப்பவருக்கு இனிமையாக இராது. சீக்கிரமாகக் கடந்து செங்கோட்டையின் உள்தெருக்களுக்குப் போய்விடலாம். வாஞ்சிநாதனின் ஊர் என்று நாடறிந்த இந்தச் செங்கோட்டையை, ஆவுடையக்காளின் ஊர் என்றும் நாம் அறிந்திருக்க வேண்டும். இளமையிலேயே கணவனை இழந்து, அந்தக் காலத்துச் சமூகம் விதித்த மூலையில் ஒடுங்கிவிட மறுத்து, அத்வைத ஞானத்தை அன்றாடப் பேச்சுத் தமிழில் பாட்டுகளாக இசைத்த பெண்மணி அவர். அந்தப் பாட்டுகளை நெல்லைச் சீமையின் பெண்கள் ஏட்டிலும் வாயிலும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள். கல்யாண வீட்டிலும் அடுப்படியிலும் பாடினார்கள். ஓர் ஆடி அமாவாசையன்று அவர் குற்றாலத்தில் நீராடி மலைமேல் நடந்து போனவர் திரும்பி வரவேயில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. நாம் நேற்று நின்று திரும்பிய அந்த அடிவாரத்தைத் தாண்டி மேலே சென்ற அவரை நினைக்காமல் இந்தத் தெருக்களை நான் கடப்பதில்லை.

செங்கோட்டையிலிருந்து திருமலையடிவாரம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் இருக்கும். பண்பொழி வந்து சேரும்போது பசி எடுத்திருக்கும். சிறிய ஓட்டல்களில் சூடாக இட்லியும் ரசவடையும் கிடைக்கும். ஊருக்கு மேற்கே, மலைத்தொடரிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நிற்கும் குன்றின் உச்சியில் குமாரசுவாமி கோயில். இப்பொழுது கார் ஏறும் சாலையும் போட்டிருக்கிறார்கள். முதியவர்களுக்கும் உடல் நலம் குன்றியவர்களுக்கும் அது பேருபகாரம். கால் உள்ளவர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் படிகளில் ஏறுவதே முறை. படிகள் செங்குத்தல்ல, இடையிடையே மண்டபமும் நிழலும் உண்டு, குரங்குகள் கைப்பையைப் பறிக்காமல் பார்த்துக்கொண்டால் வேறு கவலையில்லை. ஏறும்போது சிவகாமிப் பரதேசி என்னும் அம்மையாரைப் பற்றி யாராவது சொல்லுவார்கள். பிள்ளையில்லாத அவர் முருகனையே பிள்ளையாகக் கொண்டு, தம் சொத்துகளையெல்லாம் கோயிலுக்கு எழுதிவைத்து, மண்டபத்துக்கு வேண்டிய கல்தூண்களை இந்தச் சரிவில் முன்னின்று இழுத்தேற்றுவித்தார் என்பது இப்பகுதியாரின் நம்பிக்கை. அத்தனை பாரமுள்ள கல்லை ஏற்றிய வழியில் நாம் வெறுங்கையோடு ஏறுகிறோம் என்ற எண்ணமே மூச்சிரைப்பைக் குறைத்துவிடும். உச்சியில் பூஞ்சுனை என்னும் தீர்த்தம் இருக்கிறது. சப்த கன்னியர் அதில் நாள்தோறும் பூத்த மலரைக் கொண்டு முருகனை வழிபட்டார்கள் என்பர்.

கோயிலின் வெளிமதிலோரம் நின்று பார்த்தால், நடந்து வந்த நாடு முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது. வெள்ளித்தகடாகத் தெரிவன குளங்கள். அவற்றைக் கோக்கும் கரும்பச்சைக் கோடுகள், வாய்க்கால் கரைத் தென்னைகள். அந்தக் கோடுகள் கூடும் இடங்களிலெல்லாம் ஓர் ஊர், ஊருக்கு ஒரு கோபுரம். எந்த ஊர் எந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை வரைபடம் இல்லாமலே இங்கிருந்து விரல்விட்டுக் காட்டலாம். ஆனி, ஆடியில் வந்தால் சாரலும் பச்சையும் மிகும், ஆனால் மேகம் காட்சியை அடிக்கடி மறைத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் அருவி மெலிந்திருந்தாலும் வானம் தெளிவாக இருக்கும், பிசான நெல் கதிர் வாங்கியிருக்கும். நடப்பதற்கென்றே வருகிறவர்களுக்கு மார்கழி, தையையே நான் சிபாரிசு செய்வேன்.

திருமலைக்கு வடமேற்கே, மேக்கரையில் அனுமன் நதியைத் தடுத்துக் கட்டிய அடவிநயினார் அணை இருக்கிறது. அதன் உயரம் 132 அடி. அதற்கப்பால் அச்சன்கோவில் கணவாய். ஆண்டுதோறும் மார்கழித் திருவிழாவுக்காக அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைக் கடந்து செங்கோட்டைக்கு வந்து, தென்காசி விசுவநாதர் கோயிலில் ஜனங்களுக்குத் தரிசனம் தந்து, பண்பொழி, மேக்கரை வழியே மறுபடியும் மலையேறிப் போகிறது. ராஜ்யங்களின் எல்லை மாறியும் அந்தப் பெட்டியின் வழி மாறவில்லை; வழியிலுள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் அதை எதிர்கொண்டழைத்து அடுத்த ஊர் வரையில் கொண்டுபோய் விடுகின்றன. அடுத்த வாரம் அந்தப் பெட்டி போகும் வழியில், பண்பொழியிலிருந்து வடகரை, மேக்கரை வரையில் நடப்போம்.